அய்யனாரின் மூன்று சக்கரக் குதிரை

“வண்டிய எனக்குக் குடுங்க.”

சொர்ணவல்லி எழுந்து நின்று இதைச் சொன்னதும், அய்யனார் கோயில் பொட்டலில் கூடியிருந்த ஊர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியது. அவள் அப்பா ஆண்டிச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். “எத வேணாலும் கேளு தாயி, அந்த வண்டிய மட்டும் கேட்டுறாதே” என்று காலையில்கூடக் கெஞ்சியிருந்தார்.

அந்த வண்டி ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துக் கட்டியது. இடப்பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் தொட்டி, அதற்குத் தனியாக ஒரு சக்கரம். திருச்சிராப்பள்ளி ஏலத்தில் அதைப் பார்த்த ஆண்டிச்சாமிக்குக் கிறுக்குப் பிடித்தது. மணலோ சேறோ, ரோடே இல்லாத இடத்திலும் போகும் என்றான் ஏலக்காரன். உழவு மாட்டையும் மேட்டுப் புஞ்சையையும் விற்று வாங்கி வந்தார். ஊரே பின்னால் ஓடிவர, காலித் தொட்டியோடு கண்மாய்க்கரையில் ஓட்டிப் போய் இடப்பக்கம் திரும்பினார். தொட்டி அந்தரத்தில் எழும்பியது. வண்டியும் ஆண்டிச்சாமியும் தனித்தனியாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

தொட்டியில் பாரம் இல்லாவிட்டால் அது தூக்கத்தான் செய்யும். ஆனால் கரையில் நின்ற, சொர்ணவல்லியின் தாய்மாமனும் கோயில் சாமியாடியுமான வெள்ளைச்சாமிக்கு அந்த இடத்திலேயே அருள் வந்துவிட்டது. “என் குதிரைடா அது! எவன்டா ஏறுனது?” என்று குதித்தார். அவ்வளவுதான். வண்டியைக் கரையேற்றி, மஞ்சள் தெளித்து, அய்யனாருக்கு விட்டுவிட்டார்கள். சாமிக்கு விட்ட மண்குதிரையை எவனாவது வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவானா? அது போலத்தான் இதுவும்.

அன்றிலிருந்து மண்குதிரை வரிசைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினார்கள். வருஷா வருஷம் புரவி எடுப்புத் திருவிழாவில் புது மண்குதிரைகள் தோளில் வர, இது மாலை போட்டுக் கயிற்றால் இழுபட்டு வரும். கீரமங்கலத்திலிருந்து மெக்கானிக் வந்து எண்ணெய் மாற்றி, உதைத்து உறும விடுவார். பெண்கள் குலவை போடுவார்கள். உடனே நிறுத்திவிடுவார். ஊரில் பிரசவ வலி கண்டவள் மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி போனாள். ஊரிலேயே நல்ல டயர் போட்ட வண்டி, தலையில் செவ்வந்தி மாலையோடு சும்மா நின்றது.

சொர்ணவல்லி அந்த வீட்டில் முதலாவதாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். அந்த ஊரிலும் அவள்தான் முதல். பிஎஸ்சி படித்தவள். இப்போது கடற்கரைப் பக்கம் ஒரு பிளாக் ஆபீஸில் பெண்கள் நலப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. மணமேல்குடிக்கு அங்கிட்டு உப்பளமும் மணல்மேடுமான குப்பங்களைச் சுற்றிவர வேண்டும். பஸ் கிடையாது. ஆபீஸ் ஜீப் இருந்தது. ஆனால் அது ஆபீசருக்கு மட்டும். “மணல்ல சுத்த சொந்த வாகனம் இருந்தா திங்கக்கிழமை வந்து சேரும்மா. இல்லன்னா அடுத்த ஆளுக்கு ஆர்டர் போயிரும்” என்று ஆபீசர் சொல்லியிருந்தார். இன்றைக்குச் சனிக்கிழமை.

அவள் எழுந்து கேட்பதற்கு முன்னால் கூட்டம் வேறு விவகாரத்தில் மும்முரமாக இருந்தது. கொஞ்ச நாளாகச் சாமி உச்சி வேளையில் வண்டியில் வேட்டைக்குப் போகிறதாம். உச்சிப் பொழுதில் அந்தப் பொட்டலுக்கு ஈ காக்கா போகாது. போனால் அடித்துப் போட்டுவிடும் என்று பயம். அந்த நேரம் பார்த்து உறுமல் கேட்கிறது. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மறுநாள் பார்த்தால் மணலில் மூன்று சக்கரத் தடம். ஒரு நாள் தொட்டிக்குள் மண்குதிரை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. குதிரையே வண்டியில் சவாரி போயிருக்கிறது என்று, மண்குதிரை செய்து பூசையும் வைக்கும் வேளார் தங்கமுத்து அதற்குத் தனியாகத் தேங்காய் உடைத்தார்.

சாமி போவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செலவில்தான் தகராறு.

“மண்குதிரைன்னா கொள்ளும் கேக்காது புல்லும் கேக்காது. இது பெட்ரோலாக் குடிக்குது. வருசத்துக்கு வாங்கி வச்ச டின்னு வைகாசி பொறக்குமுன்னே முக்காவாசி காலி. சாமி கொஞ்சம் பக்கத்துலயே வேட்டையாடக் கூடாதா?” என்றான் கோயில் கணக்குப் பார்க்கும் ரத்தினவேல்.

“சாமிக்கு நீ எல்லை போடுறியாடா?” என்றார் வெள்ளைச்சாமி.

“எல்ல போடலங்க. ஹாரனு அடிச்சுட்டு வரச் சொல்லுங்க” என்று ஓரத்தில் இருந்து பொன்னுத்தாய் கத்தினாள். “என் கறவ எரும மெரண்டு ஓடி இன்னும் பால் கறக்க விடமாட்டேங்குது. வளைவுல கண்ணு மண்ணு தெரியாமயா வர்றது? சாமியா இருந்தா மட்டும் ஆச்சா?”

இதை ஊர் மிகவும் யோசித்தது. வண்டியில் மணி கட்டலாமா, வளைவில் கல் ஊன்றலாமா, சாமிக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை வேளாருக்கா சாமியாடிக்கா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். அப்போதுதான் சொர்ணவல்லி எழுந்து நின்று கேட்டது.

“என்ன கேட்டே?” என்றார் வெள்ளைச்சாமி.

“வண்டியத்தான் மாமா. சாமிக்கு எதுக்கு வண்டி? எனக்கு வேலைக்குப் போகணும்.”

“பொட்டப்புள்ள ஓட்டுற வண்டியா அது? ஒங்கப்பனையே தூக்கிப் போட்ட வண்டி.”

“தொட்டியில பாரம் இல்ல, தூக்குச்சு. பாரம் வச்சா தூக்காது. இத்தன நாளா ஓட்டுனது நாந்தான். பெட்ரோலக் குடிச்சதும் நாந்தான். அந்தக் குதிரை வயித்துல மண்ண ரொப்பித் தொட்டியில வச்சதும் நாந்தான்.”

முதலில் ரத்தினவேல் சிரிக்கத் தொடங்கினான். அவனைப் பார்த்து ஊரே சிரித்தது. பொன்னுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அடியாத்தே! படிச்ச கிறுக்குல சாமி செஞ்சதயெல்லாம் தான் செஞ்சேங்குது பாருங்க.”

சொர்ணவல்லிக்குக் காது சுட்டது. திட்டுவார்கள், தண்டம் போடுவார்கள், அப்பா முகத்தில் காறித் துப்புவார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். நம்ப மாட்டார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. மெக்கானிக்கிடம் கிளட்சு எது கியர் எது என்று புரவி எடுப்புக்குப் புரவி எடுப்பு நச்சரித்துக் கேட்டது, முழங்கால் தேய விழுந்து ஓட்டிப் பழகியது, எல்லாம் அய்யனார் கணக்கில் போய்விட்டது.

வெள்ளைச்சாமி விறைத்தார். கண் செருகியது. அருள் வந்துவிட்டது. வேளார் ஓடிப்போய் விபூதித் தட்டை எடுத்தார்.

“நாந்தான்டா ஓட்டுனேன்! நாந்தான்டா!”

எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சொர்ணவல்லியும் கும்பிட்டாள். “சரிங்க சாமி. கியர் மாத்துறப்ப மொதல்ல என்னத்தப் புடிப்பீங்க?”

சாமி யோசித்தது. “அருவாளப் புடிப்பேன்!”

“இடப்பக்கம் திரும்புறப்ப?”

“திருப்புவேன்! ஒரே திருப்பு!”

“கவுந்துருவீங்க” என்றாள்.

சாமி மலையேறிவிட்டது. வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்தா பாரு சொர்ணம், ஒனக்குக் கல்யாணம் ஆகட்டும். பொண்ணு மாப்பிள்ளைய அதுல ஒக்கார வச்சு ஊரே தள்ளிக்கிட்டு வாரோம். அது போதும்ல?” என்றார்.

“தள்ளுறதுக்கு வண்டி எதுக்கு? கட்டில்ல வச்சுத் தூக்குங்க.”

“வாய் ரொம்பப் பேசுது” என்று யாரோ சொன்னார்கள். வேளார்தான் வழி சொன்னார். பூக்கட்டிப் பார்ப்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் வண்டியைக் கொடுப்பது. சிவப்பு வந்தால் இந்தப் பேச்சையே விடுவது. சாமியே சொல்லட்டும்.

யாரோ ஒரு சின்னக் குழந்தையைக் கூட்டிவந்து எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது.

“புள்ள கை நனைஞ்சிருக்கு. தொடச்சுட்டு எடுக்கச் சொல்லு” என்றார் வெள்ளைச்சாமி. துடைத்துவிட்டு எடுத்தது. மறுபடியும் வெள்ளை.

ஊர் வேளாரைப் பார்த்தது. வேளார் வானத்தைப் பார்த்தார்.

“சாமி அரைத் தூக்கத்துல சொல்லுது” என்றார் கடைசியில். “சிவப்பு வர்ற வரைக்கும் பாக்கலாம்தான். ஆனா நேரம் ஆயிருச்சு. செவ்வாக்கிழம பாத்துக்குவோம்.”

நிழல் காலடிக்கு வந்திருந்தது. அதைக் கண்டதும் கூட்டம் பதறியது. உச்சி வந்துவிட்டது, சாமி வேட்டைக்குக் கிளம்புகிற நேரம். துண்டை உதறினார்கள், குழந்தைகளை இடுப்பில் தூக்கினார்கள், பொன்னுத்தாய் செருப்பை மறந்துவிட்டு ஓடினாள். வெள்ளைச்சாமிதான் முன்னால் போனார். பொட்டல் கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. ஆண்டிச்சாமி மட்டும் மகளுக்காக நின்றார்.

“வா தாயி, நேரமாச்சு.”

“செவ்வாக்கிழமை எனக்குத் திங்கக்கிழமைக்கு அப்பறம் வருதுப்பா.”

அவர் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ஓலை இடுக்கில் அவருக்குத் தெரிந்தது. தொட்டிக்குள் இப்போது மண்குதிரை இல்லை. அது வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பி, நெற்றியில் புதுப் பூவோடு நின்றது. தொட்டியில் பாரத்துக்கு அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்தது, காலேஜ் புத்தகம் அத்தனையும் திணித்து, தாம்புக்கயிற்றால் நாலு சுற்றுக் கட்டி. விடிகாலையில் வாசல் தெளிக்கிறேன் என்று போனவள் இதைத்தான் செய்திருக்கிறாள். பிறகு எதற்குக் கூட்டத்தில் எழுந்து நின்று பேச்சு வாங்கினாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

“திருடிட்டுப் போனாள்னு ஒருத்தன் சொல்லக்கூடாதுல்ல” என்றாள், அவர் கேட்காமலே.

“யாரும் சொல்ல மாட்டாங்க” என்றார் ஆண்டிச்சாமி. “சாமி ஒன்னத் தூக்கிட்டுப் போயிருச்சும்பாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி எதையாவது எட்டி உதைக்க வேண்டும் போலவும் இருந்தது. உதைப்பதற்குத்தான் வண்டி இருக்கிறதே. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எல்லோரும் ஓடிய திசைக்கு எதிராக, கொதிக்கிற மணலில் கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.

“சொர்ணம்,” என்று பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது. கண்மாய்த் தண்ணீர் இன்னும் மூக்குக்குள் இருப்பதைப் போல அது கமறியது. “எடப்பக்கம் திரும்புறப்ப மட்டும் கொஞ்சம் மெதுவா.”

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு நடந்தாள்.