புகைக்குள் விடிந்தது

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது மாரிசெல்வத்தின் போன் அதிர்ந்தது. தங்கை நாகஜோதிதான். மணி ஆறரை.

"அண்ணே, இப்பத்தான் காரியாபட்டி தாண்டுறேன். மதுரையில பஸ்ஸே கெடைக்கல. அப்பா…?"

"இருக்காக. வா."

திருப்பூரிலிருந்து வருகிறாள். 'விடியுறதுக்குள்ள வந்துருவேம்ப்பா' என்று நேற்று போனில் சொன்னவள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா பால்சாமி ராத்திரி முழுக்க மூச்சு விட்டார். "தங்கச்சிக்குச் சொல்லிட்டியாலே" என்று ஒரு வாரமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணவீட்டில் அவள் விட்ட ஒரு வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சொல்றேன் சொல்றேன் என்று நாளைத் தள்ளினான் மாரிசெல்வம். பெரிய ரோஷக்காரன்! நேற்று டாக்டர் கையை விரித்த பிறகுதான் நம்பரைத் தேடினான்.

கண்மாய்க்குள் சீமைக்கருவேலங்காடு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி வானத்தில் ஒரு விண்மீன்கூட இல்லை. கட்டிலில் படுத்தபடியே விண்மீனைப் பார்த்து மணி சொல்லிவிடுகிற மனிதர், வெறும் புகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எட்டு மணிவாக்கில் கிழக்கு ஜன்னலில் நிலா ஏறியது. பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். வெளிச்சமே இல்லை, செங்கல் நிறம். அதைப் பார்த்தபடி கண்ணயர்ந்தவர்தான்.

இப்போது விழித்தார். அதே ஜன்னலில், அதே புகைக்குள், சூரியன் சிவந்து நின்றது. கண் கூசவில்லை.

"நெலா இன்னும் அங்கனயேதான் நிக்கிதா?"

மாரிசெல்வம் ஜன்னலைப் பார்த்தான்.

"ஆமாப்பா. நெலாதான்."

"அப்ப நேரங்கெடக்கு. புள்ள வந்துரும்."

மகனின் கையை லேசாகத் தட்டினார். அவனுக்கு அழுகை முட்டியது. அழுதால் கண்டுபிடித்துவிடுவார். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டு மணிக்கு நாகஜோதி பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழத் தெருப் பெண்கள் எழுந்தார்கள்.

"என்னயத் தேடுனாகளாண்ணே? விடிஞ்சும் வரலயேன்னு…"

"இல்லத்தா. அவுகளுக்கு விடியவே இல்ல. சூரியன நெலான்னு நெனச்சுட்டாக. நானும் ஆமான்னுட்டேன். நாந்தேன் உனக்குப் பிந்திச் சொன்னேன்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு பெண்களைக் கையமர்த்திவிட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வந்துட்டேன்" என்றாள், நடுச்சாமத்தில் வீடு வந்து சேர்கிறவர்கள் பேசுவதுபோல, மற்றவர்கள் தூக்கம் கலைந்துவிடாத குரலில்.