முள்ளெடுக்கத் தெரியாதவர்கள்

...கண் தெளிவாகத்தான் இருக்கிறது, செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நல்ல சிவப்பு, வயிற்றை அமுக்கினால் குழி விழாமல் எழும்பி வருகிறது, பிறகு ஏன் இவ்வளவு மலிவாகத் தந்தாள் அந்த மீன்காரி, கேட்டால் "முள்ளு ஜாஸ்திம்மா, அதான் யாரும் சீண்டறதில்ல, நீ ஒருத்திதான் வாங்கறே" என்கிறாள், என்னவோ முள் தின்பதற்கென்றே வரம் வாங்கி வந்தவள் மாதிரி. வாங்காமல் என்ன செய்வது, முள்ளில்லாத பெரிய மீன் பக்கம் போய் விலை கேட்டால் பை தானாக மூடிக்கொள்கிறது, மாதக் கடைசிக்கு மத்திதான் மகாராஜா. வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கத்தி முனையால் சுரண்டினால் செதில் லேசாக உதிர்ந்துவிடும், தண்ணீருக்கு அடியில் வைத்துச் சுரண்டினால் சுவரெல்லாம் தெறிக்காது, இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்... யாருமில்லை, மலிவு மீனே சொல்லிக் கொடுத்தது.

ஸ்டூலில் ஏறிப் பக்கத்தில் நிற்கிறாள் வாண்டு, பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் வாண்டுதான், முன்பல் விழுந்த பொக்கை வாயை மூடாமல் பார்க்கிறாள். "அம்மா, மீன் தூங்கறப்ப கண்ண மூடுமா?" அதுக்கு இமையே கிடையாதுடி என்றேன். "அப்ப தூசி விழுந்தா?" தண்ணிக்குள்ள ஏது தூசி என்று வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது, அப்புறம்தான் யோசித்தேன், மண் இருக்குமே, சேறு இருக்குமே, இதுவும் கண்தானே, உறுத்தாதா? பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள், எத்தனை கண்களுக்கு, ஒரு மீன் கண்ணைப் பற்றி ஒரு நாளாவது யோசித்திருப்பேனா. ஒரு மீனை மட்டும் தலையோடு பொரிக்கலாம், வெந்ததும் கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை வரும், அதுதான் அதன் லென்ஸ், கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, எவ்வளவு உருண்டை, எந்த மெஷினில் தேய்த்தார்களோ... இவளுக்குக் காட்ட வேண்டும்.

கடை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. முதலாளி இன்றைக்கு ராத்திரி போன் செய்வார். "சாயங்கால ஷிஃப்டுக்கு நீதான் பொறுப்பு எடுத்துக்கணும், சரின்னா சரி, முடியாதுன்னா முடியாது, ஒரே வார்த்தை, வேற ஆள் பாக்கணும்ல" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சம்பளம் கூடும், உள்ளறையிலிருந்து முன்னால் கவுன்ட்டருக்கு வர வேண்டும், வீடு திரும்புவதற்குள் இவள் தூங்கிப்போயிருப்பாள். போன தடவை கேட்டபோது, வீட்ல ரெண்டு பேருக்கும் முள்ளெடுக்கத் தெரியாது சார் என்றேன், மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்தால் சிரிக்கட்டும், உள்ளதைத்தானே சொன்னேன், நமக்குக் கட்டுப்படியாகிற மீன் இது, இதை உதிர்த்துக் கொடுக்க நான் இல்லாவிட்டால் அப்பனும் மகளும் வெறும் சோற்றைப் பிசைய வேண்டியதுதான். சம்பளம் கூடினால் முள்ளில்லாத மீனே வாங்கலாமே என்று உள்ளே ஒரு குரல்... அது காதில் விழாத மாதிரி மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடினேன்.

மீனில் ஈரம் இருந்தால் எண்ணெய் சீறும், துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவி, வாண்டிடம் கொடுத்தால் அவள் மாவில் புரட்டித் தருவாள், பாதி மாவு மீனுக்கு, பாதி அவள் மூக்குக்கு. எண்ணெய் நிறைய வேண்டாம், தட்டையான சட்டியில் மீன் பாதி முங்கினால் போதும், அவசரப்பட்டுத் திருப்பக் கூடாது, தானாக அடியை விட்டு வரும். அவருக்கும் சேர்த்துத்தான் பொரிக்கிறேன், எங்கேயோ லிஃப்ட் மாட்டிக்கொண்டதாம், வர நேரமாகும். லிஃப்ட் மெக்கானிக், இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சர்வசாதாரணமாக நிற்கிற ஆள், ஒரு சாண்கூட இல்லாத மீனுக்கு நடுங்குவார். கல்யாணமான புதிதில் தொண்டையில் முள் மாட்டி, கண்ணெல்லாம் கலங்கி, சோற்றுருண்டை, வாழைப்பழம் என்று ஆளாளுக்கு ஊட்டி, அமர்க்களம். அன்றைக்கு ஆரம்பித்தேன் உதிர்த்துக் கொடுக்க, பிறகு இவளும் பிறந்தாள், இரண்டு தட்டுக்கு எடுத்து முடித்து என் தட்டுக்கு வரும்போது மீன் ஆறி அவலாகிவிடும். புகார் சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

முதல் ஈடு எடுத்து வாண்டின் தட்டில் ஒன்றை வைத்து, இரு, சூடு, வந்து எடுத்துத் தரேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஈட்டைப் போடத் திரும்பினேன், போட்டேன், தீயைக் குறைத்தேன், திரும்பிப் பார்த்தால்... இவள் என்ன செய்கிறாள்? கட்டைவிரலால் மீனின் முதுகு ஓரமாக ஒரு கோடு, மேல் சதை அப்படியே கழன்று சாய்ந்தது, வாலைப் பிடித்தாள், நாக்கைத் துருத்திக்கொண்டு, மெல்ல, மெல்ல, நடுமுள் முழுசாக எழுந்து வந்தது, ஒன்றுகூட அறுபடவில்லை. அதைத் தட்டு ஓரத்தில் பதவிசாக வைத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்து ஊசி முள்ளை விரலால் தடவித் தேடுகிறாள், கைகண்ட வைத்தியர் மாதிரி. எனக்கே இவ்வளவு சுத்தமாக வராது, நான் பிய்த்துப் பிய்த்துத்தான் எடுப்பேன். கரண்டியோடு நின்றேன்.

"ஏய், யாரு சொல்லிக் குடுத்தா?"

சட்டென்று கையை எடுத்துவிட்டாள். மாவு மூக்கோடு முழிக்கிறாள். "சொல்ல மாட்டேன்." திட்ட மாட்டேன்டி, அம்மாவுக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான். "அப்பா." எந்த அப்பா என்று கேட்கப் போனேன், என்ன ஒரு கேள்வி! "நீ ஞாயித்துக்கிழம கடைக்குப் போனேல்ல, அப்ப அப்பா மீன் வாங்கிட்டு வந்தாரு, நாங்க சாப்பிட்டோம், அப்பா டகடகன்னு எடுத்தாரு, எனக்கும் கத்துக் குடுத்தாரு." அடப்பாவி மனுஷா! அந்த ஞாயிற்றுக்கிழமைதானே வீடு முழுக்க எலுமிச்சை வாசம், என்னங்க இது என்றால், தரை துடைச்சேன் என்றார், நானும் உருகிப்போய் ஒரு காபி அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன். டகடகவென்று எடுப்பாராம். அப்படியானால் எத்தனை வருஷமாகத் தெரியும்? என் எதிரில் தட்டை நகர்த்திவிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி, வாயைப் பார்த்துக்கொண்டு... சோம்பேறித்தனமா, ராஜபோகமா, வரட்டும், இன்றைக்கு இருக்கிறது அவருக்குக் கச்சேரி.

"ஏண்டி, இத ஏன் எங்கிட்ட சொல்லக் கூடாதாம்?"

வாண்டு ஒரு துண்டை வாயில் போட்டு, ஊதி, மென்று, விழுங்கி, அதற்குப் பிறகுதான் பதில் சொன்னாள். "முள்ளெடுத்துக் குடுக்கறது அம்மாவுக்குப் பிடிக்கும், தெரிஞ்சா வருத்தப்படுவான்னு சொன்னாரு."

எனக்கா? பிடிக்குமா? ஆறிப்போன மீனைத் தின்பது பிடிக்குமா, நகக்கண்ணெல்லாம் நாற்றம் பிடிக்குமா, யாரைக் கேட்டு முடிவு செய்தார் இவர்... அப்போது என் முகத்தில் எதைப் பார்த்தார்? உதிர்த்துத் தட்டில் வைக்கும்போது நான் எப்படி இருப்பேன், சிரித்துக்கொண்டா, எனக்கு என் முகம் தெரியாதே. நானாவது அவருக்குத் தெரியாது என்று நம்பினேன், அவரோ எனக்குப் பிடிக்கும் என்று நம்பி, தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யார் யாரை ஏமாற்றியது இதில்? கோபத்தைத் தேடினேன், இங்கேதானே இருந்தது, காணோம். கீழே பார்த்தால் என் கை பாட்டுக்கு அவர் பங்கு மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருக்கிறது, எப்போது ஆரம்பித்தேன் என்றுகூடத் தெரியவில்லை. "ஆ காட்டும்மா" என்றாள் வாண்டு, சூடாக ஒரு துண்டு என் வாயில், மாவு மொறுமொறுவென்று, உள்ளே சதை ஆவியோடு, நாக்கு சுட்டது, மத்தி இவ்வளவு ருசியா?

போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய், புறங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். "என்னம்மா, யோசிச்சியா? எடுத்துக்கறியா?" என்றார் முதலாளி. வீட்ல ரெண்டு பேருக்கும்... என்று நாக்கு தானாகப் புறப்பட்டுவிட்டது, எதிரே வாண்டு அடுத்த மீனின் நடுமுள்ளை உருவித் தட்டு ஓரத்தில் வைக்கிறாள், வார்த்தை அங்கேயே நின்றுபோயிற்று. வேறு காரணம் ஏதாவது... தேடுகிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை, இத்தனை நாளும் என்னிடம் இருந்தது அது ஒன்றுதானா? முன்னால் உட்கார வேண்டும், முகம் தெரியாதவர்கள் வந்து நிற்பார்கள், கண்ணாடி போட்டால் தலை சுத்துது, பணத்தைத் திருப்பிக் குடு என்று கத்துவார்கள், நான் பதில் சொல்ல வேண்டும், உள்ளறையில் மெஷின் எதுவும் கேட்பதில்லை. "ஹலோ, இருக்கியா?" என்றார். இருக்கேன் சார் என்றேன், குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. பயமா? மீன் முள்ளுக்கு நடுங்குகிற மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நானா?