ஊசி எழுதாத ஓடை

அறுபத்திரண்டாம் வருஷம், மானாம்பதி சடையப்பன் மாட்டுவண்டியில் சக்கரங்களைக் கோத்துப் பூட்டியிருந்த எஃகு இருசு நான்கே மாதத்தில் முறிந்தது. ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சென்னைச் சோதனைக்கூடத்தார் கொடுத்தது அது. பத்து வருஷம் உழைக்கும் என்றிருந்தார்கள். வண்டிக்காரன் சாமுவேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறான் என்று சடையப்பன் அவனை வண்டியை விட்டு இறக்கிக் களத்து வேலைக்கு அனுப்பிவிட்டார். சோதனைக்கூடம் இரும்பின் மேல் குற்றம் சொன்னால்தான் மறுபடி வண்டி என்பது அவர் பேச்சு.

சோதனைக்கூடத்து ஆபீசர் தாமோதரன் வந்தார். இன்னொரு இருசைப் பூட்டி, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பெட்டியை அதில் கட்டினார். இருசு வளையும்போதெல்லாம் உள்ளே ஊசி காகிதச் சுருளில் கோடு கிழிக்கும். அன்று ஒரு நாள் சாமுவேலே ஓட்டட்டும் என்று கேட்டுக்கொண்டு, தாமும் நெல்மூட்டை மேல் உட்கார்ந்து வழியில் ஓடை இறங்கி ஏறி உத்திரமேரூர் மில் வரை போய்வந்தார்.

இரண்டு மாதம் கழித்துச் சுருளோடு திரும்பினார். இரும்புக்கும் களைப்பு உண்டு என்று விளக்கினார். ஒரே அடியில் முறியாதது, பல்லாயிரம் தடவை வளைந்து வளைந்து முறியும். பத்து வருஷம் காத்திருக்க முடியாதே. அதனால் ஒன்றும் செய்யாத சின்ன நடுக்கங்களை விட்டுவிட்டு, பெரிய குலுக்கல்களை மட்டும் பாதையில் வருகிற அதே வரிசையில், எந்திரத்தில் பன்னிரண்டு நாள் கொடுத்துப் பார்த்தார்களாம். இருசில் கீறல்கூட விழவில்லை.

“அப்போ இரும்பு மேல குத்தமில்ல” என்றார் சடையப்பன். சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வைக்கோல் கட்டோடு வந்த அவன் மனைவி மார்த்தாள் கட்டை இறக்கிவிட்டுச் சுருளை எட்டிப் பார்த்தாள். எந்த மேடு எங்கே என்று தாமோதரன் அவளுக்கும் காட்டினார்.

“ஓடை எங்க கீது சார்?”

அவர் விரல் வைத்த இடத்தில் கோடு லேசாக நெளிந்திருந்தது.

மார்த்தாள் புருஷனைப் பார்த்தாள். “சொல்லுய்யா.”

“சும்மா இருமே” என்றான் சாமுவேல். சொன்னால் மாட்டை விரட்டி ஒடித்தது நீதானே என்று ஆகிவிடும் என்பது அவன் பயம். சொல்லாவிட்டாலும் களத்துமேடுதான் என்று அவள் முணுமுணுத்தாள். பிறகு தானே சொன்னாள்.

“ஆபீசரு குந்திக்கினு வராரேன்னு, அன்னிக்கி இவரு ரெண்டு ஆள இட்டாந்து சக்கரத்தப் புடிச்சி இறக்குனாரு சார். தெனம் அப்டி இல்ல. மெதுவா போனா சேறு முழுங்கிடும். வெரட்டிக்கினு போயி ஒரே தூக்கா வுழுந்து ஏறணும். எல்லா வண்டியும் அப்டித்தான்.”

சடையப்பன் முகம் சிவந்தது. தாமோதரன் கோபிக்கவில்லை. சுருளைச் சுற்றியபடியே, திரும்பி வரும்போதும் அப்படியா என்று கேட்டார். வரச்சொல்ல காலி வண்டி, ஆடும், அவ்வளவுதான் என்றாள்.

மறுநாள் தாமோதரன் பெட்டியை மறுபடி கட்டி, முன்பு தாம் உட்கார்ந்த இடத்தில் ஒரு மூட்டையைப் போட்டு, தாம் சைக்கிளில் பின்னால் வந்தார். தம்மை மறந்துவிடும்படி சாமுவேலிடம் மூன்று தடவை சொன்னார். அப்படியும் ஓடை வந்ததும் கயிற்றை இழுத்துப் பிடித்துவிட்டான். மரியாதை கையிலேயே ஊறிப்போயிருந்தது.

கரையில் நின்ற மார்த்தாள் சிரித்துவிட்டாள். “யோவ், அது ஆபீசர் இல்லய்யா, நெல்லு.”

சாமுவேல் ஹோவென்று கத்தி விரட்டினான். வண்டி தொம்மென்று விழுந்து, துள்ளி, மறுகரை ஏறியது. பெட்டியைத் திறந்தபோது ஊசி காகிதத்தின் விளிம்பைத் தாண்டிக் கோடு போட்டிருந்தது.

அடுத்த மாதம் தாமோதரன் வந்து, சாக்கிலிருந்து ஓர் இருசை எடுத்துப் பழைய முறிந்த இருசின் பக்கத்தில் வைத்தார். புதுச் சுருளின்படி எந்திரத்தில் குலுக்கியதில் முதல் நாளே போய்விட்டதாம். இரண்டும் ஒரே இடத்தில், சக்கரத்தை ஒட்டி இரண்டு விரல்கடை உள்ளே முறிந்திருந்தன. அந்த இடத்தில் கனம் கூட்டி வேறு செய்கிறோம் என்றார். முதல் சுருளைத் தாம் நம்பியது தப்பு என்றும் சொன்னார்.

சடையப்பன் இரண்டு முறிவிலும் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

“நாளைக்கி மில்லுக்கு மூட்ட கீதுடா சாமுவேலு. ஓடைல பாத்து, மெதுவா போ.”

சாமுவேல் ஒருமுறை மார்த்தாளைப் பார்த்தான். “மெதுவா போனா ஏறாது ஆண்டே” என்றான்.

சடையப்பன் முறிவிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். பிறகு, காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுப் பூட்டி, வழக்கம்போலவே ஓட்டச் சொன்னார்.