ராசாங்கத்துக்குக் காதுகுத்து

ராசாங்கத்துக்கு அப்போது நாற்பது வயது. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஆறடி ஆள், அதற்கேற்ற மீசை. அரியலூர் பஸ்ஸில் அவர் ஏறினால் டிக்கெட் எடுக்காதவன் தானாகவே எழுந்து நின்றுவிடுவான். அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை, மீசையே விசாரணையை முடித்துவிடும். அப்படிப்பட்ட மனிதருக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது என்று அவர் மனைவி செங்கமலம் முடிவு செய்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

மஞ்சள் தடவிய பத்திரிகையை அவர் இரண்டு முறை படித்தார். துந்துபி வருஷம் ஆவணி மாதம் வெள்ளிக்கிழமை, சிறுவாச்சூர் கோயிலில், செல்வன் ராசாங்கத்துக்கு முடியிறக்கிக் காதணி விழா.

"யாருடி இந்தச் செல்வன்?" என்றார்.

"நீங்கதான். கல்யாணம் ஆனவரை செல்வன்னு போடலாமான்னு அச்சாபீஸ்காரரு இழுத்தாரு. காது குத்துற வரைக்கும் புள்ளதானேன்னு சொல்லிட்டேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இன்னும் கெடல. உக்காருங்க, சொல்றேன்."

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான். அவர்களுக்கு ஒரே பெண், பூமாலை, ஏழு வயது. மார்கழி பிறந்தால் போதும், பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும், பேச்சு வராது, கண் மட்டும் அம்மாவைத் தேடும். டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று தனி இடம் கிடையாது, பெரியவர்களுக்கே கட்டில் போதவில்லை. அதனால் திருச்சி. போன தை மாதம் போகும் வழியில் பஸ் பஞ்சர். ஊரையே மிரட்டுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர் அன்றைக்கு ரோட்டோரம் நின்று, போகிற லாரியை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததை நினைத்தால் அவருக்கு இப்போதும் சோறு இறங்காது.

அப்படித் திருச்சிக்கு ஓடுகிற வீடுகள் அந்த வட்டாரத்தில் இன்னும் ஆறு இருந்தன. ஒரு பிள்ளைக்கு வலிப்பு, ஒன்றுக்கு இருதயம், மற்றதுக்கெல்லாம் வேறு வேறு. ஏழு அம்மாக்களும் ஒரே பஸ்ஸில் போய் வந்து சிநேகமானவர்கள். பொதுமக்கள் தீபாவளிக்குள் பதினைந்தாயிரம் கட்டினால் மீதியை அரசாங்கம் போட்டுப் பத்துக் கட்டிலோடு பிள்ளைகள் வார்டு கட்டித் தரும் என்று டாக்டர் சொன்னதும், ஏழு பேரும் உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நாலு மாதம் அலைந்ததில் சேர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். நம் ஜனங்கள் கஞ்சர்கள் இல்லை. மொய் என்றால் மோதிரத்தை அடகு வைத்தாவது செய்துவிடுவார்கள். ஆனால் பேர் எழுதாத காசு அவர்களுக்குக் கிணற்றில் போட்ட காசு.

அப்போதுதான் செங்கமலத்துக்குத் தன் மாமனார் ஞாபகம் வந்தது. அந்த மனிதர் உடையார்பாளையம் முதல் எறையூர் வரை ஒரு விசேஷம் விடாமல் நாற்பது வருஷம் மொய் எழுதியவர். ஒரு காசு திரும்பி வரவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. இருந்தது ஒரே பிள்ளை ராசாங்கம். அவருக்குக் காது குத்தவில்லை. கல்யாணத்தையும் கோயிலில் பத்துப் பேரோடு முடித்தார்கள். பூமாலைக்கு மூன்றாம் மாதமே சத்தமில்லாமல் ஆஸ்பத்திரி நர்ஸைக் கொண்டு காது குத்தியாகிவிட்டது. ஆக, ஊர் முழுக்க அந்த வீட்டுக்குக் கடன்பட்டிருந்தது. அதை வசூலிக்க வழி அவள் புருஷனின் இரண்டு காதுகள்தான்.

ராசாங்கத்தின் காது நாற்பது வருஷம் சும்மா கிடந்ததற்குக் காரணம் அவருடைய தாய்மாமன்கள். சாமிதுரை, நல்லதம்பி என்று இரண்டு பேர், இரட்டைப் பிள்ளைகள். மூத்த தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். மூத்தவன் யார்? பிரசவம் பார்த்தவள் அதைச் சொல்லாமலே செத்துப்போனாள். பெயரிலேயே தம்பி இருக்கிறதே என்பது சாமிதுரையின் வாதம். பெயர் வைத்தவருக்குக் கண் தெரியாது என்பது நல்லதம்பியின் வாதம். ராசாங்கத்தின் மூன்று வயதில் பந்தலிலேயே கைகலப்பாகி, தோடு ஒரு பக்கம் உருள, ஆசாரி ஒரு பக்கம் ஓடினார். அதன் பிறகு சாமிதுரை உடையார்பாளையத்தில் முந்திரிக்கொல்லையோடு இருந்துவிட்டார். நல்லதம்பி எறையூரில் கரும்பு போட்டார். முப்பத்தேழு வருஷமாகப் பேச்சு இல்லை.

"டிப்போவுல தலை காட்ட முடியுமா நான்? மீசையை வேற எடுக்கணும்பானே!" என்றார் ராசாங்கம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த பூமாலையைச் செங்கமலம் வாசலில் காட்டினாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு நூறு அடிகூட இல்லை. பிள்ளை வழியில் இரண்டு இடத்தில் நின்று, முட்டியில் கை ஊன்றி, மூச்சு வாங்கிவிட்டு வந்தது. ஆவணியிலேயே இப்படி. ராசாங்கம் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"மீசையை மட்டும் வுட்டுடச் சொல்லு" என்றார்.

"கேட்டுப் பாக்கறேன்" என்றாள் செங்கமலம். அவள் கேட்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மடிப் பிரச்சினைக்கு அவள் ஒரு தந்திரம் செய்தாள். இரண்டு மாமன் வீட்டுக்கும் தனித்தனியாகப் பத்திரிகை கொண்டுபோனாள். "யாரு மூத்தவங்கன்னு எங்களுக்குத் தெரியல. யாரு சீரு பெருசோ அவங்க மடி" என்று சொல்லிவிட்டு வந்தாள். சீர்த்தட்டு முழுக்க வார்டுக்குத்தான் போகும் என்பதையும் சொன்னாள், அது அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் கூட்டம் தாங்கவில்லை. செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு மொட்டை என்றதும் கண்டக்டர்கள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏழு வீடுகளும் சேர்ந்து சமைத்தன, ஒரு வீட்டு அரிசி, ஒரு வீட்டு ஆடு, ஒரு வீட்டு அண்டா. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் செல்வம்மாள் டீச்சரை மொய் எழுத உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் மொய். டீச்சர் பேனாவில் மை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.

கிழக்கிலிருந்து சாமிதுரை மேளத்தோடு வந்தார், பின்னால் அம்பாசடர் காரில் சீர்த்தட்டு. வடக்கிலிருந்து நல்லதம்பி இரண்டு டிராக்டரில் வந்தார். ஒருவர் குத்துவிளக்கு வைத்தால் மற்றவர் அண்டா வைத்தார். ஒருவர் பவுன் தோடு காட்டினால் மற்றவர் பவுன் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். மணைப்பலகையில் உட்கார்ந்திருந்த ராசாங்கம் எண்ணிக்கொண்டே வந்தார், சந்தோஷத்தில் தலையில் கத்தி ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. வலது பாதித் தலை முடிந்தது. மீசையில் வலது பாதியும் போனது. போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

சீரில் தீர்ப்பு வராததால் மாமன்கள் வெடிக்கு மாறினார்கள். சாமிதுரை ஆயிரம்வாலா கொளுத்தினார். நல்லதம்பி இரண்டு கொளுத்தினார். புகை பந்தலுக்குள் திரும்பி அடைத்துக்கொண்டது. மேளச் சத்தத்துக்கு நடுவே செங்கமலம் அலறியது ராசாங்கத்துக்கு மட்டும் கேட்டது.

பூமாலை அவள் மடியில் முன்பக்கமாகக் குனிந்து கிடந்தாள். நெஞ்சுக்கூடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ராசாங்கம் துண்டை உதறிவிட்டு எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நின்றது சாமிதுரையின் அம்பாசடர்தான். அதில் இன்னும் இறக்காமல் இருந்த சீர்த்தட்டுகளை ரோட்டில் தள்ளிவிட்டு ஏறினார்கள். ஒரு கதவு வழியாகச் சாமிதுரை நுழைந்தார், மறு கதவு வழியாக நல்லதம்பி நுழைந்தார். இறங்கு என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

வண்டி கிளம்பி ஒரு மைல் வரை காரில் பூமாலையின் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு சாமிதுரை உடைந்துவிட்டார்.

"எல்லாம் என்னாலதான். நான் மூத்தவன், எனக்காவது புத்தி இருந்திருக்கணும்."

"நீ எப்படிடா மூத்தவன்?" என்றார் நல்லதம்பி. கண்ணில் நீர் கொட்டியது. "நான்தான் மூத்தவன். ரெண்டு சரம் கொளுத்துன பாவி நான்தான்."

"மொதல்ல கொளுத்துனது நானு!"

"அதைத் தடுக்க வேண்டிய பெரியவன் நானு!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் செங்கமலம். "புள்ளைக்குக் காத்து வரட்டும்."

இருவரும் மூடிக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கமாக மேல்துண்டால் விசிறிக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டில் இருந்த ராசாங்கம் திரும்பிப் பார்த்தபடியே வந்தார். அவர் உயிர் முழுக்கப் பின்சீட்டில் இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார். கட்டில் இல்லை, நடைக்கூடத்தில் பாய் விரித்தார்கள். இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் படுத்திருந்த பெரியவருக்கு வைத்திருந்தது. அவர், "புள்ளைக்கு வைங்க, நான் சமாளிச்சுக்குவேன்" என்று கையால் காட்டினார். பூமாலையின் முதுகைத் தடவியபடி ராசாங்கம் தரையில் உட்கார்ந்தார். பாதி மொட்டையும் பாதி மீசையுமாக இருப்பது அவருக்கு நினைவிலேயே இல்லை. நர்ஸ் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு போனபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பதினைந்தாயிரத்தை அவர் மறந்துவிட்டார். விசேஷம் கெட்டது, மொய்யும் கெட்டது, பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்தது.

மூன்று மணிக்கு வெளியே பஸ் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு பஸ், ஒரு டிராக்டர். பந்தலில் இருந்த ஜனம் மொத்தமும் சாப்பிட்டுவிட்டும் சாப்பிடாமலும் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரி ஆள் எல்லோரையும் உள்ளே விடவில்லை, வரிசையாகத்தான் விட்டார். வரிசையில் வந்தவர்கள் பூமாலையைப் பார்த்தார்கள். பக்கத்துப் பாயில் காய்ச்சலில் அனத்திய குழந்தையைப் பார்த்தார்கள். அதற்கடுத்த கட்டிலின் கீழே படுத்திருந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் செல்வம்மாள் டீச்சர் புது நோட்டையும், செங்கமலத்தின் மாமனார் வைத்துவிட்டுப்போன பழைய மொய்க் கணக்கையும் விரித்தார். முதலில் வந்தவர் கலியபெருமாள் என்கிற கண்டக்டர், ராசாங்கத்திடம் இரண்டு முறை மாட்டியவர்.

"பேரு சொல்லுங்க. உங்க அப்பாவுக்கு இவங்க வீட்டுல எழுதுன மொய் இருபத்தஞ்சு நிக்குது" என்றார் டீச்சர்.

"அது அப்படியே நிக்கட்டும் டீச்சர். பொறவு செய்றேன். இது புள்ளைங்களுக்கு." ஐம்பது ரூபாயை வைத்தார். "பேரு எழுத வேணாம்."

டீச்சர் பேனாவை மூடவும் முடியாமல் எழுதவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்தவளும் எழுத வேண்டாம் என்றாள். அவளுக்கு அடுத்தவனும் அதையே சொன்னான். மாமன்கள் இருவரும் டிராக்டரில் வந்து சேர்ந்த சீரை அப்போதே டவுன் நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் விற்று, யாருடையது எவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே துண்டில் முடிந்து கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கு அந்த நோட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. இருட்டுவதற்குள் பதினேழாயிரத்துச் சொச்சம் சேர்ந்துவிட்டது.

செங்கமலம் ஓடி வந்து சொன்னபோது ராசாங்கம் அழுதார். குலுங்கிக் குலுங்கி, சத்தமாக, நடைக்கூடம் கேட்க அழுதார். சத்தத்தில் பூமாலை கண் விழித்தாள்.

அப்பாவைப் பார்த்தாள். இடது பக்கம் பழைய அப்பா. வலது பக்கம் யாரோ. கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எப்போதும் அவளுக்குச் சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும் என்பதால் செங்கமலம் பதறிக்கொண்டு முதுகில் கை வைத்தாள். இருமல் வரவில்லை. சிரிப்பு நிற்காமல், தடங்கல் இல்லாமல், முழுதாகப் போய்க்கொண்டே இருந்தது. பாயிலும் கட்டிலின் கீழேயும் கிடந்த பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சேர்ந்துகொண்டன.

சிரிப்பு அடங்குவதுபோல் இருந்தது. ராசாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீசை இல்லாத பக்கத்தை மெதுவாக அவளுக்கு நேராகத் திருப்பினார்.