இஸ்திரி போட்ட நரம்பு

"எந்த லூருக்குக்கா?" என்று கடைக்காரன் கேட்டதும், அவளுக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

ஒரு சுவர் முழுக்கத் தூண்டில் நரம்பு. உருளை உருளையாகப் பச்சை, மஞ்சள், புகை நிறம், நிறமே இல்லாதது. வாங்கினோமா போனோமா என்றிருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். காலையிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துத் தோள் இரண்டும் அவளுடையவை அல்ல என்பதுபோல் கழன்று தொங்கின. சலவைக்கூடத்து நீராவியின் ஈரம் இன்னும் தலைமுடியில் இருந்தது.

சாப்பாட்டுப் பையைத் திறந்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்த தூண்டில் பொம்மைகளை, அவன் லூர் என்றவற்றை, மேசைமேல் வைத்தாள். பச்சை ரப்பர் தவளை ஒன்று. வாயைப் பிளந்துகொண்டு, வாலில் இறகு வைத்த மீன் ஒன்று. தாடைக்குக் கீழே தகடு நீட்டிய இன்னொரு மீன். கணவரின் பெட்டியில் இருந்தவை. ரீலில் இருந்த பழைய நரம்பு, ஜன்னலோரம் மாதக்கணக்கில் வெயில் குடித்துக் காய்ந்த புல்லாகிவிட்டது. தொட்டால் ஒடிந்தது.

கடைக்காரன் பொம்மைகளைப் புரட்டிப் பார்த்தான். "வீட்டுக்காரருதா? பாஸ் மீன் பிடிக்கிறவரு போல. இந்தத் தவளை பாசிக்குள்ள போறது. மீன் கவ்விட்டு உள்ளயே இழுத்துட்டுப் போகும். அதுக்குப் பின்னல் நரம்பு, லேசுல அறாது. வாய் பிளந்தது இருக்குல்ல, அது தண்ணி மேலயே தத்தித் தத்திப் போகணும். அதுக்கு நைலான், மிதக்கும். தகடு வச்சது முங்குற ஜாதி. அதுக்கு ஃப்ளூரோ. தானும் முங்கும், தண்ணிக்குள்ள கண்ணுக்கும் தெரியாது."

"எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு குடு தம்பி."

"அப்படி ஒண்ணு இருந்தா நான் எதுக்குக்கா சுவரு முழுக்க மாட்டிவச்சிட்டு உக்காந்திருக்கேன்?"

நியாயம்தான். வீட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கப்போகிற கணவரிடமிருந்து பதில் வராது என்று தெரியும். மூளையில் ரத்தம் அடைத்த அன்று அவருடைய வலது கையும் பேச்சும் சேர்ந்து போயின. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் நின்றது. பசிக்கிறதா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான்.

"ஏங்க, கடையில நிக்கிறேன். தண்ணிக்குள்ள தெரியாத நரம்பாம். அதையே எல்லாத்துக்கும் வாங்கிடவா?"

"பார்ப்போம்" என்றார். பின்னால் ஏதோ தடாரென்று சத்தம் கேட்டது. டிவியாக இருக்கும் என்று நினைத்தாள்.

"சரிங்கறாரு" என்று கடைக்காரனிடம் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாதது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற வேலையே போதும் போதும் என்றிருந்தது.

"உங்க இஷ்டம். புதுசுல சுருட்டிக்கும்க்கா, பயப்படாதீங்க. அது பாட்டுக்குச் சரியாயிடும்."

இவ்வளவு பாடும், பந்துப் பெண் சொன்ன ஒரு பேச்சினால்தான். வாரத்துக்கு இருமுறை ரப்பர் பந்தோடு வந்து அவர் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. "கை அசையும்க்கா, இவருதான் அசைக்க மாட்டேங்கறாரு" என்றிருந்தாள். "இந்த வாரமும் இப்படியே இருந்தா என்னை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் மடங்கின விரல் மடங்கினபடியே இறுகிடும். அவருக்குப் பிடிச்சது எதையாவது கையில குடுத்துப் பாருங்க." பந்தைக் கொடுத்தால் அவர் இடது கையால் அதைத் தட்டிவிடுவார். அது அலமாரிக்கு அடியில் உருண்டு போகும். குனிந்து எடுப்பதும் அவள்தான். அவருக்குப் பிடித்தது என்று வீட்டில் இருந்தது அந்தத் தூண்டில் பெட்டி ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாரம்வரை அதை அவள் தொட்டதில்லை.

சனிக்கிழமை மாலை ரீலில் நரம்பைச் சுற்றி முடித்தாள். முடித்துக் கையை எடுத்ததும், மேல் சுற்றுகள் எல்லாம் ரீலிலிருந்து குதித்துக் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நின்றன. அவளுக்கு எரிச்சல் வந்தது. வாழ்நாள் முழுக்கச் சுருக்கத்தை எடுத்தே சம்பாதிக்கிறவள் அவள். சுருக்கத்தோடு ஒன்றை வீட்டை விட்டு அனுப்பிப் பழக்கமில்லை.

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். நரம்பை நீளமாக உருவி, ஈரத்துணிக்குள் வைத்து, மேலே பெட்டியை மெதுவாக ஓட்டினாள். ஸ்ஸ் என்று ஆவி கிளம்பியது. மறுபக்கம் நரம்பு கோடு போட்டதுபோல் நேராக வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

நாற்காலியில் இருந்த அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பார்ப்போம். பார்ப்போம்." இடது கை நாற்காலிக் கையில் தட் தட்டென்று விழுந்தது.

"என்ன பார்ப்போம்? பேசத் தெரிஞ்ச காலத்துலயும் இதைத்தான சொல்லிட்டிருந்தீங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமான்னா பார்ப்போம். ஊருக்குப் போலாமான்னா பார்ப்போம். என்னத்தைப் பார்த்தோம்?"

அவர் மறுபடி தட்டினார். அவள் திரும்பவில்லை. பாதியில் தோள் வலி தாங்காமல் பெட்டியை அணைத்துவிட்டு, இஸ்திரி போட்டவரைக்கும் போதும் என்று சுற்றி வைத்தாள்.

மறுநாள் காலை, பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ஏரிக்கரை கொஞ்ச தூரம்தான், ஆனால் அவர் கோலை ஊன்றி நடந்தபோது அது நீண்டுகொண்டே போனது. அவள் ஒரு தோளில் மடக்கு நாற்காலிகளையும் மறு தோளில் தூண்டிலையும் பெட்டியையும் சுமந்துகொண்டு, அவருக்காக நின்று நின்று நடந்தாள். கரையில் ஆளில்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஓரமெல்லாம் பாசி.

இறகு வைத்த மீன்தான் அழகாக இருந்தது, அதனால் அதையே கட்டினாள். சலவை மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. வீசினாள். பெரிய தூரமில்லை, இருந்தாலும் தண்ணீரில் விழுந்தது, அதுவே சாதனை. ரீலைச் சுற்றினாள். தத்தித் தத்தி வரவேண்டிய மீன், மூக்கைக் கீழே குத்திக்கொண்டு முக்குளித்தது. நரம்பு அதன் மூக்கைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கடைக்காரன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் "பார்ப்போம்" என்றார், தட்டினார்.

"தெரியுது. இப்பத்தான் தெரியுது."

பாசியில் ஏதோ பிடித்தது. லேசாக இழுத்தாள். டப். கை காலியாகப் பின்னால் வந்தது. கட்டியிருந்தவரை மூழ்கிக்கொண்டிருந்த மீன், அறுந்ததும் மேலே வந்து, வாயைப் பிளந்தபடி எட்டாத தூரத்தில் மிதந்தது.

தவளையைக் கட்டினாள். முடிச்சை இறுக்கும்போதே நரம்பு அறுந்தது. மறுபடி கட்டினாள். மறுபடி அறுந்தது. அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. விரலால் சும்மா சுண்டினாள், முறிந்தது. ஈரத்துணியும் ஆவியும் அவர் முகமும் வரிசையாக ஞாபகம் வந்தன.

"வேண்டாம்னு சொல்லத்தான் தட்டினீங்களா?"

"பார்ப்போம்" என்றார். தட்டவில்லை.

"அன்னிக்குப் போன்ல கேட்ட சத்தமும் அதுதானா?"

இதற்கும் தட்டவில்லை. ஏரியைப் பார்த்தார்.

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. தூண்டிலை அவர் மடியில் போட்டாள். "என்னால முடியலங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடலாம். பந்துப் பொண்ணு வேற வீட்டுக்கே போகட்டும். கை எப்படியோ இருக்கட்டும்." நாற்காலியில் சாய்ந்ததுதான் தெரியும், தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கனவில் படுக்கை விரிப்புகள் ஏரிக்கு மேல் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன, யாரும் அவற்றை மடிக்கச் சொல்லவில்லை.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. ரீலிலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்தது.

அவர் தூண்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தார். இடது கையால் நரம்பை உருவி உருவி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததைக் காற்று கொண்டுபோகாமல் எங்கே சுற்றுகிறார் என்று பார்த்தாள். மடியில் கிடந்த வலது கையில். மடங்கிய அந்த விரல்களைச் சுற்றி, கட்டுப்போட்டதுபோல் கனமாக, இஸ்திரி போட்ட நரம்பு அத்தனையும். ஒவ்வொரு சுற்றுக்கும் விரல்கள் துளி விரிந்து, நரம்பை வாங்கிக்கொண்டு, மறுபடி மூடின. அவசரமில்லாமல், வேண்டாவெறுப்பாக, ஆனால் மூடின.

அவள் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

ரீலில் சுருண்ட நரம்பு வந்ததும் அவர் நிறுத்தினார். இஸ்திரி படாத பாகம். அதைப் பல்லில் கடித்து இழுத்துப் பார்த்தார். அறவில்லை. கெட்ட நரம்பைக் கடித்துத் துண்டித்துவிட்டு, பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி, தகடு வைத்த மீனை எடுத்தார். முங்குகிற ஜாதி. பிறகு அவளைப் பார்த்தார். அவள் விழித்திருப்பது முன்னாடியே தெரியும் போலிருந்தது.

"முடிச்சுக்கு ரெண்டு கை வேணும், அதான?" என்றாள்.

எழுந்து வந்து முன்னால் மண்டியிட்டாள். வலது கையிலிருந்து நரம்புக் கொத்தை உருவி எடுத்தாள். அவர் அந்த மீனை வலது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்தார். விரல்கள் நடுங்கின. மீனின் கொக்கிகள் சின்னச் சத்தத்தோடு ஆடின.

"விட்டுடாதீங்க. எனக்குக் கொக்கி குத்திடும்."

விடவில்லை. வளையத்துக்குள் நரம்பை நுழைப்பதற்கே அவளுக்கு வெகுநேரம் ஆனது. கண் மங்கியது, வியர்வை இறங்கியது. சுருண்ட நரம்பு வழிக்கு வராமல் உயிரை வாங்கியது. அதை நேராக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எச்சில் தொட்டு முடிச்சை மெதுவாக இறுக்கினாள். நின்றது.

"பந்துப் பொண்ணு இனிமேயும் வரணுமான்னு நாளைக்குக் கேப்பாங்க" என்றாள், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "வரச் சொல்லட்டுமா?"

"பார்ப்போம்."

வேண்டாம் என்று தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இடது கை தூண்டிலைப் பிடித்திருந்தது. வலது கை மீனைப் பிடித்திருந்தது. ஏரியின் நடுவே அந்த இறகு மீன் இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"சரி, வரச் சொல்றேன்" என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.