விளக்குக்காரியின் வலது கை

மின்விசிறியை நிறுத்தினால்தான் பூதக்கண்ணாடிக்கு வேலை ஓடும். அது சுற்றினால் அதன் கிறீச்சிடல் ஒலிப்பதிவில் ஏறிவிடும், நிறுத்தினால் அவர் முகத்தில் வழியும் வேர்வை படத்தில் ஏறிவிடும். கிறீச்சிடலை எப்படி மறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேர்வைக்குத் துண்டு இருந்தது. அதனால் பதினோரு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெந்துகொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி என்பது அவர் யூடியூப் சேனலின் பெயர், நேயர்களுக்கு அவர் பெயரும் அதுதான். வார நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற மனிதர், ஞாயிறுகளில் வீடியோ கேம் நாயகர்களின் சேகரிப்புச் சிலைகளைக் கையில் எடுத்து, கண்ணிமையில் பெயிண்ட் ஒழுகியிருக்கிறதா, தோள்பட்டையில் ஒட்டின கோடு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வார். பல்லாயிரம் பேர் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். வீட்டில் மட்டும் யாரும் அவற்றைச் சிலை என்று சொல்வதில்லை.

"பொம்மை முடிஞ்சா வந்து சாப்பிடுங்க" என்று அன்றைக்கும் கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அந்தக் குரலும் பதிவாகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வந்திருந்த சிலை அவருடையது அல்ல. போன தடவை ஒரு வீரனுடைய மூக்கு கோணல் என்று சொன்னதிலிருந்து இதைச் செய்த கம்பெனி அவருக்கு எதையும் அனுப்புவதில்லை. இது மனைவியின் தம்பி வாங்கியது. கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். இரண்டு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து, ஐந்து மாதம் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது 'ஒன்பதாம் சுரங்கம்' என்ற விளையாட்டை நாலு முறை ஆடி முடித்தான். படுத்தபடியே அதில் வரும் விளக்குக்காரியின் சிலைக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்தான். அது போன புதன்கிழமைதான் வந்து சேர்ந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல், "நீங்களே முதல்ல பாருங்க மாமா, உங்க கண்ணு பட்டா எனக்குத் திருப்தி" என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பூதக்கண்ணாடி பெட்டியைப் பிரித்தார். முழ உயரத்தில் ஒரு பெண். தூசி படிந்த தலைத்துணி, இழுத்துக் கட்டிய இடுப்பு, முன்னால் எட்டு வைத்த கால். நல்ல வேலை என்றுதான் அவருக்கே பட்டது. குறை எதுவும் கிடைக்காத வீடியோவை யார் பார்ப்பார்கள் என்ற சலிப்போடு சுற்றிச் சுற்றிப் பார்த்தவருக்கு, கடைசியில் அது அகப்பட்டது.

"நேயர்களே, இங்க பாருங்க" என்றார் செல்போனைப் பார்த்து. "சுரங்கத்துல வழிகாட்டுற அம்மா. விளக்கை எங்க பிடிச்சிருக்காங்க? முதுகுக்குப் பின்னால. முன்னாடி ஒரே இருட்டு. இப்படி நடந்தா முதல் குழியிலயே விழுந்துடுவாங்க. மணிக்கட்டைத் திருப்பி மாட்டியிருக்கான். தொழிற்சாலையில ஒருத்தனுக்குமா கண்ணு தெரியல?"

சரியான நிலை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுச் சிலையின் மூட்டைத் திருப்புவதற்கு முன் அதை வெந்நீரில் இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் இளகிக்கொடுக்கும். இதை நேயர்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார், செய்யாதவர்களைக் கிண்டலும் அடித்திருப்பார். வெந்நீர் அடுப்படியில் இருந்தது. அடுப்படிக்கு எழுந்து போக வேண்டும். அவருக்கு முதுகு வலித்தது.

டக் என்று ஒரு சத்தம். விளக்கும் அதைப் பிடித்த விரல்களும் அவர் உள்ளங்கையில் தனியாக வந்துவிட்டன.

அவற்றை மேஜையில் வைத்தார். செல்போன் பதிவு செய்துகொண்டே இருந்தது. லென்ஸ் உடைந்தால் கடையில் வேறு லென்ஸ் இருக்கும். மச்சினன் நாலு மணிக்கு வருவான், இப்போது மூன்றே முக்கால். பசை போட்டு ஒட்டினால் அவனுக்குத் தெரியப் போவதில்லை, கண்ணாடி அலமாரியில் வைத்து வெளியிலிருந்து பார்க்கிறவன்தானே என்று நினைத்தார். உடனே அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒட்டின கோட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மச்சினன் கொஞ்சம் முன்னதாகவே வந்தான். வலது காலை லேசாக இழுத்தபடி உள்ளே வந்து, மேஜையைப் பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கதவில் சாய்ந்து நின்ற அவன் அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"வந்தப்பவே கை தப்பா இருந்துச்சு மாப்ள" என்றார் பூதக்கண்ணாடி. "பின்பக்கமா திரும்பி. அதைச் சரி பண்ணப் போய்..."

"பின்பக்கம்தானே மாமா இருக்கணும்."

"என்னது?"

"அவளுக்கு வழி மனப்பாடம். விளக்கு அவளுக்கு வேண்டாம். பின்னால ஒன்பது பேரு வர்றாங்கல்ல, அவங்க காலடிக்குத்தான் வெளிச்சம். முதல் காட்சியிலயே வருமே." அவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்க அதை ஆடலையா?"

"நேரம் எங்கடா."

"வேற எதுவுமா?"

பூதக்கண்ணாடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டியதற்கு மேலும் கொஞ்ச நேரம் துடைத்தார்.

"பதினோரு வருஷமா விளையாடாமயே மார்க் போட்டிருக்காரு" என்றாள் மனைவி. "நான்கூட ராத்திரி நான் தூங்கினதுக்கு அப்புறம் ஆடுறாருன்னுல்ல நினைச்சேன்."

"நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றவர், மச்சினன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாப்ள, கேளு. வழி இருக்கு. தயாரிப்புக் குறைன்னு வீடியோவோட எழுதிப் போட்டா கம்பெனிக்காரன் வேற சிலை அனுப்புவான். உடைஞ்ச இடத்தை மட்டும் வெட்டிடலாம். விளக்கு தப்பா மாட்டியிருக்கு, மணிக்கட்டு பலவீனம், தானா உடைஞ்சுதுன்னு சொல்றேன். என் வார்த்தைக்கு மறுபேச்சு பேச மாட்டான்."

மச்சினன் உடைந்த கையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நகத்துக்கடியில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"நிஜமாவே வருமா?"

"மூணு மாசத்துல வந்துடும்."

அவன் ஆசைப்பட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு வருடம் காத்திருந்தவனுக்கு மூன்று மாதம் என்ன. சரி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான்.

"மாமா, விளக்கு தப்புன்னு நீங்க சொன்னா, அடுத்து செய்யறதுல எல்லாம் திருப்பிடுவானா?"

பூதக்கண்ணாடி யோசித்தார். போன வருடம் ஒரு வில்லாளி சிலையின் இடுப்புக் கச்சை நிறம் தப்பு என்று சொன்னார், இரண்டாம் தயாரிப்பில் நிறம் மாறிவிட்டது. அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி மார்தட்டிக்கொண்டார். அந்த விளையாட்டில் கச்சை என்ன நிறம் என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.

"திருப்பிடுவான்" என்றார்.

"அப்ப எனக்கு வர்றதும் முன்பக்கம் பிடிச்சதுதான் வரும்."

"ஆமா."

"அது அவ இல்லையே மாமா." கையை மெதுவாக மேஜையில் வைத்தான். "படுத்துக் கிடந்தப்போ அவ முதுகைப் பார்த்துக்கிட்டேதான் போயிட்டிருந்தேன். அந்த விளக்குதான் தெரியும். வேண்டாம். இதையே குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

கோபப்பட்டிருந்தால் பூதக்கண்ணாடிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் காலியான பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த பஞ்சைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். அவர் செல்போனை எடுத்து, ஒரு மணி நேரமாக வேர்த்து எடுத்ததை அழித்தார். அதை மறுபடி தாங்கியில் மாட்டினார்.

"பெட்டியை வை மாப்ள. முதல்லேர்ந்து எடுக்கறேன்."

"எதுக்கு?"

"நான் ஒரு விளையாட்டும் ஆடினதில்ல, விளக்கு சரியான பக்கம்தான் இருந்துச்சு, வெந்நீர் எடுக்கச் சோம்பப்பட்டு உடைச்சது நான். இதைத்தான் சொல்லப் போறேன். மூஞ்சியைப் பார்த்து நாலு பேரு காறித் துப்பட்டும்."

"நாலு பேரோட விட்டா பரவாயில்ல" என்றாள் மனைவி. ஆனால் போய்விடாமல், படத்துக்கு வெளிச்சம் சீராக விழ ஜன்னலில் கட்டியிருந்த வெள்ளைப் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"கை இல்லாம எப்படிக் காட்டுவீங்க?" என்றான் மச்சினன்.

"நீதான் பிடிக்கணும். அது எங்க இருக்கணும்னு உனக்குத்தானே தெரியும்."

அவன் மேஜைக்குப் பின்னால் தரையில் குந்தினான். நல்ல காலை மடக்கி, மற்றதை நீட்டிக்கொண்டான். உடைந்த கையை இரண்டு விரல்களால் பிடித்து மணிக்கட்டோடு சேர்த்தான். விளக்கு பின்பக்கம் பார்த்து நின்றது. பெயிண்ட் காய்ந்த கட்டைவிரல் படத்தில் பெரிதாகத் தெரிந்தது.

"என் விரல் தெரியுதே மாமா."

"தெரியட்டும்."

பூதக்கண்ணாடி பேச ஆரம்பித்தார். சொல்ல வேண்டியது அவர் நினைத்ததைவிட நிறைய இருந்தது. கச்சை விஷயத்துக்கு வந்தபோது தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். இடையில் ஒரு முறை, சுரங்கத்துக்குள் போன அந்த ஒன்பது பேரும் யார் என்று கேட்டார். மேஜைக்குக் கீழிருந்து மச்சினன் ஒவ்வொருவராகச் சொல்ல, அவர் அதையே திருப்பிச் சொன்னார். ஆறாவது ஆளைச் சொல்லும்போது விளக்கு லேசாக ஆடியது.

"கை மரத்துப் போச்சு மாமா. இன்னும் எவ்வளவு நேரம்?"

"இன்னும் மூணு பேரு இருக்காங்க. பிடி" என்றார் பூதக்கண்ணாடி.