பெல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டவன்

லோர்னா விட்காம் என் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடி வழியாக ஒருமுறையும், கண்ணாடிக்கு மேலாக ஒருமுறையும் படித்தார். பக்கத்தில் என் ஓட்டுநர் உரிமத்தை வைத்து, இரண்டுக்கும் நடுவில் சுட்டுவிரலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல நேத்தன் க்ரப்னு இருக்குப்பா."

"ஆமா."

"லைசென்ஸ்ல நேத்தன் பெல்கி."

"கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திக்கிட்டேன். உங்களுக்குத் தெரியுமே."

"தெரியாம என்ன. உன் கல்யாணத்துல நான் ஆடினேன். ரெண்டு வாரம் முட்டி வலி. ஆனா நான் ஆடினது அத்தாட்சி ஆகாதே. மேரேஜ் சர்டிஃபிகேட் கொண்டா."

டவுன் ஹாலில் காபியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய், ஊர்த் தேர்தல். வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்ப்பவர்கள் சுவரோரம் லோர்னா இருந்த தனி மேசைக்கு வர வேண்டும். முன்பெல்லாம் குடியுரிமைக்குச் சான்று இல்லாவிட்டால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்பார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. தாள் வேண்டும், தாளில் உள்ள பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒரு பெயர் எப்படி இன்னொன்றாக ஆனது என்பதற்கும் தாள் வேண்டும். எனக்கு முன்னால் நின்ற டார்லீன் பக்கத்து ஊரிலிருந்து குடிவந்தவள், மூன்று கல்யாணம் ஆனவள். "மூணு சர்டிஃபிகேட்டும் வேணுமாம்" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணை அடுப்புல போட்டேன். ஒண்ணை அவன் நாயோட சேர்த்து எடுத்துட்டுப் போயிட்டான். நாய்க்குத்தான் அழுதேன்." பின்னால் சிலர் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை. டார்லீன் பள்ளிப் பிள்ளைகள் விற்ற கேக்கில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இங்கே வந்து மூன்று வருடம் ஆகியும் நான் பட்டியலில் பெயர் சேர்க்கவில்லை. என் மனைவி கொரின் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். நான் காரில் காத்திருப்பேன். இந்த வருடம் அவளுடைய அப்பா கேட்டார். மகள் இறந்ததிலிருந்து ரோலண்ட் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் இந்த ஊரின் சாலைப் பொறுப்பாளர். கோடையில் பள்ளம் அடைப்பார், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் ஓட்டுப் போட்டு அந்த வேலையைக் கொடுக்கும். ஜனவரியில் கொரின் வங்கியில், தன் கவுன்டரிலேயே மூளையில் நரம்பு வெடித்து விழுந்தாள். அன்று இரவு முழுக்கப் பனி பெய்தது. ரோலண்ட் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம் வரை சாலைகள் அப்படியே கிடந்தன. பள்ளிப் பேருந்து ஒன்று ஓடையோரம் சரிந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குக் கறி சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிப்ரவரியில் டிராவிஸ் கிம்பல் போட்டியிடுவதாகச் செய்தி வந்தது. டிராவிஸுக்கு இரண்டு புது லாரிகள், முதுகு வலி இல்லை. போன முறை ரோலண்ட் ஜெயித்ததே ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வித்தியாசத்தில். இந்த வேலை போனால் அவர் காலையில் எதற்கு எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதற்கு எழுந்திருக்கிறேன் என்பதும் அப்படித்தான். ஆனால் நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மணி அடித்தால் போக வேண்டும்.

வெளியே, கட்டடத்திலிருந்து தள்ளிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால், வேட்பாளர்கள் பலகை பிடித்து நின்றார்கள். ரோலண்டின் பலகையில் பெரிதாக பெல்கி என்று மட்டும் இருந்தது. டிராவிஸ் பக்கத்திலேயே நின்றான். டிராவிஸ் வாங்கி வந்த டோனட்டை ரோலண்ட் தின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சா மாப்ள?"

"இல்ல. பேர் மாத்தினதுக்கு மேரேஜ் சர்டிஃபிகேட் வேணுமாம்."

"எங்க இருக்கு?"

"அவ கார்ல."

ரோலண்ட் கையில் ஒட்டிய சர்க்கரையைக் கால்சட்டையில் துடைத்தார். அந்தக் கார் எங்கே, எப்படிப் பனியில் புதைந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் லாரி ஓட்டுகிறார்.

"விட்டுடு. ஒரு ஓட்டுதானே."

"நான் வேணா வந்து தோண்டித் தரட்டுமா?" என்றான் டிராவிஸ். "வண்டியில மண்வாரி இருக்கு."

"உனக்கு எதிரா விழற ஓட்டுக்கா?" என்றார் ரோலண்ட்.

"அதான், கொஞ்சம் மெதுவாத் தோண்டுவேன்."

நான் தனியாகவே போனேன்.

க்ரப் என் அப்பாவின் பெயர். ஒஹாயோவில் எங்களை விட்டுப் போனபோது அவர் எடுத்துப் போகாத பொருள் அது ஒன்றுதான். கொரின் தன் பெயரை மாற்ற மாட்டேன் என்றாள். எனக்கு என் பெயர்மேல் பிடிப்பு இருக்கவில்லை. மாற்றிக்கொண்டேன். அதைக் கேட்ட ரோலண்ட் நேராகக் கொட்டகைக்குப் போனார். பனி தள்ளும் லாரியின் தேய்ந்துபோன தகட்டு இரும்பில் பெல்கி என்ற எழுத்துகளை வெட்டி எங்கள் தபால் பெட்டியின் தலையில் பற்றவைத்துக் கொடுத்தார். நாங்கள் மெயின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் கல்யாணம் செய்துகொண்டதால் பதிவும் அங்கேதான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உரிம அலுவலகத்துக்குப் போனோம். திரும்பும்போது கொரின் அதை மடித்து டேஷ்போர்டு டப்பாவில் போட்டாள். வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறை இருவரில் ஒருவர் சொல்வோம்.

கார் இருந்த இடத்தில் ஒரு மேடுதான் தெரிந்தது. அவள் விழுந்த அன்று வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் அதை ஓட்டிவந்து வாசலில் விட்டுப் போனார். அதன் பிறகு நான் தொடவில்லை. ஒவ்வொரு புயலுக்கும் மேலே பனி விழுந்தது. ரோலண்டின் லாரி தள்ளிய பனி பின்பக்கம் சுவராக இறுகியிருந்தது. மகள் வீடு என்று எங்கள் வாசலில் பனி கொட்டாமல் இருக்க அவர் தகட்டைத் தூக்கியதே இல்லை. ஊர் பேசும் என்பார். மற்ற வீடுகளைவிட எங்களுக்குத்தான் அதிகம் கொட்டுகிறார் என்று கொரின் மண்வாரியும் கையுமாகத் திட்டுவாள்.

முதலில் வெள்ளை, பிறகு சாம்பல் நிறப் பனிக்கட்டி, பிறகு கதவின் நீலம். பூட்டு உறைந்திருந்தது, வெந்நீர் ஊற்றினேன். உள்ளே குகைபோல மங்கிய ஒளி. ஓட்டுநர் இருக்கை அவள் வைத்திருந்த மாதிரியே முன்னால் இழுத்து இருக்கும் என்று இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமே நான் போகாததற்கு அதுதான் காரணம். ஆனால் காரை ஓட்டிவந்தவர் உயரமானவர். இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. என் கால்கள் தாராளமாக நீண்டன. டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தேன்.

டப்பாவில் புதினா மிட்டாய்த் தாள்கள், கறுப்புக் கண்ணாடி, டயர் காற்று பார்க்கும் கருவி. சான்றிதழ் அடியில் இருந்தது. அதன் மீது காபிக் கோப்பையின் வட்டம் ஒன்று. யார் வைத்த கோப்பை என்று நினைவில்லை.

லோர்னா அதை விரித்து, முத்திரையின் மேட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். என் பெயரை எழுதினார். கையெழுத்துக்குத் தாளைத் திருப்பினார்.

"ஜனவரியில லிஸ்ட்ல இருந்து அவ பேரை நான்தான் எடுத்தேன்" என்றார், பேனாவை மூடிக்கொண்டே. "வேற யாராவது எடுங்கன்னு சொல்லிப் பார்த்தேன். யாரும் எடுக்கல."

"பரவாயில்ல."

"மண்ணு எப்ப இளகும்னு சொன்னாங்களா?"

"மே மாசம்." அதுவரை உறைந்த மண்ணில் குழி வெட்ட முடியாது. கொரின் கல்லறைத் தோட்டத்தில் உடல்களை வைத்திருக்கும் கல் கட்டடத்துக்குள், குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களோடு இன்னும் அடக்கம் ஆகாமல் இருப்பாள். இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்.

"சேதி சொல்லு. வர்றேன்."

அடுத்த மேசையில் வாக்குச்சீட்டு கொடுக்கும் ஹாலிஸ் காதில் கை வைத்தார். "பேரைச் சத்தமாச் சொல்லுப்பா. நான் திருப்பிச் சொல்லணும், அதான் விதி."

"நேத்தன் பெல்கி."

"நேத்தன் பெல்கி" என்றார் அவர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. கேக் மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் ரோலண்டின் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன். மற்ற கேள்விகளை விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது பனி தொடங்கியிருந்தது. இரவுக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ரோலண்ட் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டுட்டேன்" என்றேன்.

அவர் தலையசைத்தார். என் கையுறையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு பலகையை என்னிடம் நீட்டினார்.

"ஏழு மணி வரைக்கும் பிடிச்சுக்கோ. ரோடு வழுக்க ஆரம்பிச்சுடுச்சு."

"எண்ணும்போது இருக்க மாட்டீங்களா?"

"நான் இருந்தா மட்டும் கூடவா வரும்?"

அவர் லாரிக் கொட்டகைப் பக்கம் நடந்தார், இடது காலைச் சற்று இழுத்தபடி. டிராவிஸ் தன் பலகையின் பனியைத் தட்டினான். "இனிமே அவர் ஒரு தும்மல் நேரம் கூட லேட்டாப் பனி தள்ள மாட்டார்" என்றான். நான் பலகையை நேராகப் பிடித்தேன். ஓட்டுப் போட வந்தவர்கள் பலகையையும் என்னையும் பார்த்துவிட்டு, தலையசைத்தோ அசைக்காமலோ உள்ளே போனார்கள்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் லாரியின் மஞ்சள் சுழல்விளக்கு வளைவில் தெரிந்தது. தகடு தார்ச்சாலையில் உரசும் சத்தம் முதலில் வந்தது. டிராவிஸ் நாலு எட்டுப் பின்னால் போனான். ரோலண்ட் நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எங்களுக்கு முன்னால் வந்தபோது தகட்டைத் தூக்கவில்லை. பனி அலையாக எழுந்து விழுந்தது. என் கால்கள் முழங்கால் வரை புதைந்தன. பலகையின் கீழ்ப் பாதியும் உள்ளே போனது. பிடியை விட்டுப் பார்த்தேன். அது தானாகவே நின்றது.